பீப்பாய்க்குள் உறுமும் எஞ்சின்

உள்துறைமுகத்தை ஒட்டிய எங்கள் முற்றத்தில், தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாயின் விளிம்பில் மீன்பிடிக்கும் றுவைஸ் நானாவின் படகு எஞ்சின் தொங்குகிறது. காலையிலிருந்து நான் கழற்றித் திருத்திப் பூட்டியது; ஓடுகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பீப்பாய். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வெயில் நிறம் மாறுகிறது. அம்மா தொலைபேசியின் வாயைப் பொத்தியபடி நிற்கிறாள். “வங்கியில இருந்து, பிள்ளை. திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம். ஓம் எண்டு சொல்லன். இந்த வீட்டில முதன்முதல் கம்பசுக்குப் போனவள் எஞ்சின் கழுவவோ?” பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கும் நானா சிரிக்கிறார். “ஸ்டார்ட் ஆகாட்டி நானே உங்கள வங்கியில கொண்டு விடுறன், தங்கச்சி.” எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கயிற்றைச் சுண்டி இழுக்கிறேன், எஞ்சின் இருமுகிறது. மறுபடி இழுக்க உறுமி எழுந்து, அம்மாவின் சேலையெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது. பட்டமளிப்பு மேடையில் வராத சிலிர்ப்பு எனக்கு இப்போது வருகிறது. “ஏலாதெண்டு சொல்லுங்கோ அம்மா!” “நீயே சொல்லு” என்று தொலைபேசியை நீட்டுகிறாள். கிரீஸ் கையால் வாங்கி, எஞ்சினை நிறுத்தாமலே சொல்கிறேன்.