பிளக் வயர்

மூன்று மாதத்துக்கு முன்தான் தணிகாசலத்தின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்று அவர், ஸ்டார்ட் ஆகாத காரின் பானெட்டைத் தூக்கி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கரண்ட் வருதான்னு பாக்கணும். சாவியத் திருப்பு."

ஓட்டுநர் இருக்கையில் இருந்த மனைவி அமிர்தவல்லிக்கு அவர் முகம் தெரியவில்லை, பானெட் மறைத்தது.

"இஞ்சின் கரண்ட் பேஸ்மேக்கரக் கெடுத்துடும், கிட்ட குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"ஒரு செகண்டுதான். திருப்பு."

சாவியில் அவள் விரல்கள் வியர்த்து வழுக்கின. இறங்கிப் போய் அவர் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டாள்.

"நான் புடிச்சுக்கறேன். நீங்க போய்த் திருப்புங்க."

அவர் முணுமுணுத்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் சாவியைத் திருப்பாமலே உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.