சியூ ஆண்ட்டி வீட்டுச் சீனம்

டீச்சர் சீனத்தில் ஏதோ கேட்டார். மேசைக்கு முன்னால் நின்ற தேவிஸ்ரீ, டீச்சரின் காதுத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சிரித்தபடி இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்.

பிள்ளைக்குக் கூச்சம் என்று பின்னால் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கோமளா மலாயில் சமாளித்தாள்.

முதலாம் ஆண்டுக்கு இடம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பது அந்தச் சீனப் பள்ளியில் வழக்கம். மற்ற தமிழ் அம்மாக்கள் இதற்காகப் பிள்ளையை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். கோமளா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத்தான் சியூ ஆண்ட்டி இருக்கிறாரே.

பாயா ரும்புட்டில் கோமளா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கும் சியூ ஆண்ட்டிதான் தேவிஸ்ரீயைக் கைக்குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்கிறார். கோமளா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிற வேலை. பிள்ளையை விட்டுவிட்டுக் காரில் ஏறும்போது இரண்டு முறையாவது திரும்பிப் பார்ப்பாள். அப்போதெல்லாம் தனக்குத்தானே ஒன்று சொல்லிக்கொள்வாள். பிள்ளை சும்மா இல்லை, சீனம் படிக்கிறாள்.

பெற்ற பிள்ளையை யாரோ வளர்க்கிறார்கள் என்று நாத்தனார் ஜாடை பேசினாலும் அதே பதில்தான். 

பிள்ளையிடம் சீனம் மட்டும்தான் பேச வேண்டும் என்று முதல் நாளே ஆண்ட்டியிடம் மலாயில் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆண்ட்டியும் தலையை ஆட்டினார். பிள்ளைக்குப் பேச்சு வரத் தொடங்கியதும் வீட்டில் கோமளா அவளிடம் இங்கிலீஷ் பேசினாள். தமிழ் எங்கே போய்விடும், ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அவள் கட்சி.

ரத்தம் நன்றாகத்தான் வேலை செய்தது. போன மாதம் கரண்ட் போனபோது, இருட்டில் தேவிஸ்ரீ அடக் கெரகமே என்றாள். கோமளா கணவன் கோகுலராஜைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். பிள்ளைக்கு எஸ்டேட் பேச்சையெல்லாம் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்றாள். அவன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

இன்றைக்கு ஒரு தைரியத்துக்கு ஆண்ட்டியையும் கூட்டி வந்திருந்தாள். வரவே மாட்டேன் என்றவரை வம்படியாகக் காரில் ஏற்றியது கோமளாதான். ஆண்ட்டி பூப்போட்ட புதுச் சட்டையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் மூன்றாவது முறையும் கேட்டார்.

தேவிஸ்ரீக்குப் பொறுமை போய்விட்டது. திரும்பினாள்.

“ஆண்ட்டி, இவங்க என்னா கேக்குறாங்க? எனக்கு ஒரு எழவும் வெளங்கலையே.”

பேரைத்தான் கேட்கிறார்கள், பயப்படாமல் சொல் என்றார் ஆண்ட்டி. தமிழில் சொன்னார். எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நின்று சொல்வது மாதிரி, அத்தனை சரளமான தமிழ்.

கோமளாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

டீச்சர் நல்ல மாதிரி. சீனம் தெரியாத பிள்ளைகளும் வருகிறார்கள், சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று மலாயில் விசாரித்தார். எந்த வீட்டில் என்று கேட்கலாம் போலிருந்தது கோமளாவுக்கு.

ஆண்ட்டி அவள் பக்கம் குனிந்து, இத்தனை வருடம் மறைத்ததையெல்லாம் தமிழிலேயே கொட்டினார். பிறந்தது நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவருடைய அம்மா பால்மரம் சீவப் போகும்போது மகளைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். அங்கே இருந்ததெல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். ஆண்ட்டிக்கு முதலில் வந்த பேச்சே தமிழ்தானாம். சொன்னால் கோமளா பிள்ளையை வேறு இடத்தில் விட்டுவிடுவாளோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லையாம்.

சீனமும்தான் தெரியுமே, அதைப் பேசியிருக்கலாமே என்று கோமளா கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

“மொத நாளு ஒரே அழுவைலா. சீனத்துல பேசிப் பாத்தேன், நிக்கல. தமிழ்ல பேசுனேன், டக்குனு நின்னுருச்சு. அம்மாதான் வந்துட்டாங்கன்னு நெனச்சிருச்சு போல.”

கோமளாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள். சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டுக் கேட்டாள். பிள்ளை அழவே இல்லை என்றார் ஆண்ட்டி. அதற்குள் என்னை மறந்துவிட்டாளா என்று அவள்தான் தொழிற்சாலைக் கழிவறையில் நின்று அழுதாள்.

இப்போது கோபம் இருந்த இடம் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். சீனப் பள்ளியா தமிழ்ப் பள்ளியா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மகளிடம் ஒரு வார்த்தை தமிழில் பேச வேண்டும், இப்போதே பேச வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

தேவிஸ்ரீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மேசைமேல் இருந்த டீச்சரின் காகிதக் கொக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா கண்ணு, போகலாம் என்று கோமளா தமிழில் கூப்பிட்டாள். 

பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

“தோ வர்றேன் ஆண்ட்டி” என்றாள்.