வலது பக்கம், இடது பக்கம்

"ஸ்பீக்கர்ல போடுக்கா. நீ மட்டும் கேட்டா சாட்சி ஆகாது."

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான்.

"நீ முதல்ல வாயை மூடு. உன் மூச்சுச் சத்தமே அந்த மேட்ரனுக்குக் கேட்டுடும் போல இருக்கு," என்றாள் அக்கா. தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

முதியோர் நலத்துறை அதிகாரி தன் போனில் குரல் பதிவைத் தொடங்கி மேசையில் வைத்தார். "இது உங்க மூணாவது புகார்மா. ரெண்டு தடவை நான் அந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாத்துட்டேன். சார்ட்டெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துது. இன்னிக்கும் ஒண்ணும் தேறலைன்னா ஃபைலை மூடச் சொல்லிடுவாங்க."

"மூடிட்டா, அங்க இருக்கற மத்த நாப்பது பேரு?"

அவர், பேசுங்கள் என்று கையைக் காட்டினார்.

வெகுநேரம் அடித்த பிறகுதான் இல்லத்து மேட்ரன் எடுத்தாள்.

"ஓ, ஏழாம் ரூம் அம்மாவோட பொண்ணா? இன்னிக்கு என்ன குறை கண்டுபிடிச்சீங்க?"

"குறையெல்லாம் இல்ல மேடம். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான்."

"அவங்களுக்கென்ன, ராணி மாதிரி இருக்காங்க. இருங்க, சார்ட்டைப் பாத்தே படிக்கறேன். அப்புறம் நான் பொய் சொன்னேம்பீங்க." பக்கம் புரண்டது. "காலையில ஆறு மணி, உடம்பு துடைச்சாச்சு. எட்டு மணி, கஞ்சி முழுசா குடிச்சாங்க, வலது பக்கம் திருப்பிப் படுக்க வச்சாச்சு. பத்து மணி, இடது பக்கம். பன்னெண்டு, வலது. ரெண்டு மணி, இடது."

தம்பி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் குதித்தான். மணி பன்னிரண்டரை.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். ஒரு தாளில் கிறுக்கி நீட்டினார்: 'வேற யாரோ எழுதினாங்க, எனக்குத் தெரியாதுன்னு கழண்டுக்குவாங்க. நேர்ல பாத்தேன்னு அவங்க வாயாலயே வரணும்.'

அக்கா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். "இடுப்புல புண்ணு இருந்துச்சே மேடம்?"

"எந்தப் புண்ணு? 'தோல் நல்லா இருக்கு'ன்னு இன்னிக்குத் தேதியில எழுதியிருக்கு, கையெழுத்தும் இருக்கு. போன மாசத்துலேர்ந்து புண்ணு புண்ணுன்னு நீங்கதான் என் உயிரை எடுக்கறீங்க."

தம்பி தன் முஷ்டியைத் தானே கடித்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"தூங்கறாங்கம்மா."

"அப்போ நீங்களே ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுச் சொல்லிடுங்க மேடம். இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

போனை எங்கோ வைக்கும் சத்தம். மூன்று தலைகளும் ஒன்றோடொன்று இடிக்கிற அளவு குனிந்தன. நடக்கும் சத்தம் இல்லை. கதவு திறக்கும் சத்தமும் இல்லை. டிவியில் யாரோ சிரித்தார்கள். தூரத்தில் ஒரு கிழட்டுக் குரல், "தண்ணி... கொஞ்சம் தண்ணி தாம்மா..."

"சும்மா இருங்க தாத்தா. போன்ல இருக்கேன்ல," என்றாள் மேட்ரன், போனுக்குப் பக்கத்திலேயே.

அக்காவின் கண் நிறைந்தது. அதிகாரி பேனாவை இறுகப் பிடித்தார். ஒரு நிமிடம் போனது.

"பாத்துட்டு வந்துட்டேன்மா." மேட்ரனுக்கு இப்போது லேசாக மூச்சுக்கூட வாங்கியது. "இடது கையைத் தலைக்கு வச்சுட்டு சுகமா தூங்கறாங்க. போர்வையை நானே இழுத்துப் போத்திவிட்டேன். போதுமா?"

"போதும் மேடம். ரொம்ப நன்றி."

போன் அணைவதற்குள் அதிகாரி எழுந்துவிட்டார். "தம்பி, டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லுங்க. நாப்பது பேரையும் இன்னிக்கே பாத்துடலாம்," என்றபடி பக்கத்திலிருந்த திரையை விலக்கினார்.

திரைக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண் டாக்டரிடம் காட்டப்போவதாகக் காவலாளியிடம் சொல்லி நேற்றுக் காலையிலேயே அந்த இல்லத்திலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட அம்மா, இடுப்பில் கட்டோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"எனக்குப் போர்வை போத்தினாளாமா? அங்க இருந்த ரெண்டு மாசமும் கேட்டுப் பாத்தேன்டி, ஒரு நாள் போத்தினதில்ல."