பங்குனி முதல் இரண்டு பேருக்கு

“பங்குனி முதல் சாப்பாடு ரெண்டு பேருக்கு,” என்று வாசித்த கமலா சட்டென்று நிறுத்தினாள். “ஏனக்கா, உங்க ஊட்ல மூணு பேரில்ல?”

கலாவதிக்குப் படிப்பு வாசனையே கிடையாது. கொட்டச்சேடு ஊருக்குள் இருக்கும் கடைக்குப் போகுமுன் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளத்தான், வருஷ பட்ஜெட் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வந்திருந்தாள். காய்ச்சலால் கமலா அன்று எஸ்டேட் வேலைக்குப் போகவில்லை.

அந்த வீட்டில் கணக்கெழுதுவது எப்போதும் மகன் யுவராஜ்தான். பங்குனிக் கடைசியில் அவன் அப்பா மாதையனுக்கு எஸ்டேட்டில் வயது முடிகிறது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போச்சு. அப்புறம் வெளியே நாலாயிரம் வாடகை கொடுத்து, ஏற்காட்டுக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்கு யுவராஜ் ஜீப் ஓட்டிக் கொண்டுவரும் காசில் மூன்று வயிறு நிறைய வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து அவன் அதைத்தான் போட்டுப் பார்த்தான். கறி தீபாவளிக்கு மட்டும், டீவிக்கு ரீசார்ஜ் கிடையாது, கேஸை விட்டுவிட்டு விறகு என்று எப்படிச் சுருக்கியும் மாதம் மூவாயிரம் இடித்தது. மாதையன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கி ஒரு தரம் புரட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

“பக்கம் மாத்திப் படிக்கிறயா பாரு கமலா.”

“ரெண்டு பக்கம் எழுதியிருக்குதுக்கா. மொதப் பக்கத்துல மூணு பேரு, வாடகை நாலாயிரம். இதுல வாடகையே இல்ல.” கமலா விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். “அரிசி மாசத்துக்கு நாலு வள்ளம். வள்ளமாமே, இப்ப யாரு வள்ளத்துல அளக்கறா? பீடி இல்ல. முட்டிவலி மாத்திரை இல்ல. யுவராசுக்கு எஸ்டேட் வேலை. லைன் ஊடு அப்படியே இருக்கும்.”

பீடியும் முட்டிவலி மாத்திரையும் மாதையனுக்கு வாங்குகிறவை. கலாவதி நோட்டுப் பக்கம் குனிந்தாள்.

“இவனுக்கு எப்படி எஸ்டேட்ல வேலை குடுப்பாங்க?”

கமலா தயங்கினாள். “வேலையில இருக்கறப்பவே ஆளு செத்துட்டா வாரிசுக்குக் குடுக்கறாங்கல்லக்கா. நம்ம ஐயாக்கண்ணு செத்தப்ப அவரு மவனுக்குக் குடுத்தாங்களே. ஊட்டையும் கேக்கல.”

“கீழ இன்னும் என்னமோ இருக்குதே. படி.”

“கருமாதிச் செலவு எட்டாயிரம். பந்தல் வேண்டாம்.”

அடப்பாவி! கலாவதி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பெற்ற அப்பனுக்கு ஒரு பந்தல்கூட வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கிறானே, இவனையா பத்து மாசம் சுமந்தோம் என்று நெஞ்சு கொதித்தது. அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. இது மாசி மாசம், மிளகுப் பறிப்பு நடக்கிற நேரம்.

“கமலா, அவரு இன்னிக்கு என்ன வேலைக்குப் போயிருக்காருன்னு தெரியுமா?”

“மிளகு பறிக்கத்தான். எங்க ஊட்டுக்காரரு சோத்துப் போசி எடுக்க வந்தப்பச் சொன்னாரு. ஊட்ல இருந்து வரப்பவே முடிவு பண்ணிட்டாங்களாட்ட இருக்குது, ஆள் பிரிக்கற ரைட்டரு வேண்டாம்னு சொல்லியும் கேக்கலையாம்.”

மிளகு என்றால் கொடி படர்ந்த நாற்பதடி சில்வர் ஓக் மரம், ஒற்றை மூங்கில் ஏணி. பனி ஈரத்தில் இளவட்டங்களுக்கே கால் வழுக்கும். முட்டி வலியால் நாலு வருஷமாக மாதையன் ஏணிப் பக்கமே போனதில்லை. காலையில் அவரை ஜீப்பில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவன் யுவராஜ். என்றைக்கும் இல்லாத கரிசனம் என்று அப்போது அவள் சந்தோஷப்பட்டாள். நோட்டோடு எழுந்து வெளியே ஓடினாள்.

யுவராஜ் லைனுக்குக் கீழே குழாயடியில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். கலாவதி நோட்டை அவன் மேல் விட்டெறிந்தாள்.

“உங்கப்பன் உசுரு உனக்கு அத்தனை எளக்காரமாப் போச்சா சாமி? வாடகை மிச்சமாவுதுன்னு ஏணியில ஏத்தி உட்டுட்டியா?”

“என்னம்மா சொல்ற?”

“ரெண்டாம் பக்கத்தைப் பாரு. பாத்துட்டுப் பேசு. ஒன்னுந் தெரியாதவனாட்டம் நிக்காத.”

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் புரட்டினான். வரி வரியாகப் படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. இப்போதாவது வெட்கம் வந்ததே என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்பா மிளகுக்கா போயிருக்காரு?” என்று கேட்டான்.

“என்னைக் கேளு. கொண்டுபோயி உட்டவன் நீதான?”

“அவருதாம்மா முட்டி வலிக்குது, ஜீப்புல கொண்டுபோயி உடுன்னாரு.” பேசிக்கொண்டே ஜீப்பில் தாவி ஏறிவிட்டான். சாவியைப் போட்டுத் திருகினான்.

“அப்படீன்னா இதை எழுதுனது யாருடா?”

“இது அப்பா எழுத்தும்மா.”