தட்டில் விழுந்த வளையம்

ஜெயசித்ரா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

தட்டு முழுக்கக் கெட்ட கிருமி பாலாடை போலப் படர்ந்திருந்தது. நடுவில் வைத்த நல்ல பாக்டீரியாப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை. கண்ணாடியாய்த் துலங்கியது ஒரு வளையம்.

பெண்ணின் பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் அந்த பாக்டீரியா, நோய்க்கிருமியை அண்டவிடாமல் செய்திருந்தது. பெரம்பலூர்க் கல்லூரியின் ஆய்வகத்தில் அவள் இத்தனை நாள் தேடியது இதைத்தான்.

பேராசிரியை பரிமளா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! மத்ததெல்லாம் இதுக்குக் கிட்டயே வரலியே. லீவு முடிஞ்சு வந்ததும் நல்ல சேதி ஒனக்கு."

தட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடைய மாதிரி என்பது ஜெயசித்ராவுக்கு மட்டும் தெரியும்.

மாதிரி கொடுக்க ஆள் கிடைக்காமல் அவள் அல்லாடிய நாட்கள் உண்டு. விஷயத்தைச் சொன்னதுமே பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் உடையார்பாளையத்திலிருந்து தங்கை ஆர்த்திதான் பஸ் ஏறி வந்தாள். நர்ஸ் பஞ்சுக்குச்சியோடு திரைக்குப் பின்னால் கூப்பிட்டதும் வெட்கம் தாங்காமல் சிரித்தாள்.

"என்கிட்டேருந்து என்னாக்கா கெடைக்கப்போவுது ஒனக்கு?"

பரிமளா தட்டைத் திருப்பித் தந்தார்.

"அந்தப் பொண்ண இன்னொரு தடவ வரச் சொல்லும்மா. புதுசா ஒரு சாம்பிள் எடுத்துப் பாத்துட்டா உறுதியாயிடும்."

"சரிங்க மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பேராசிரியை மற்றவர்களிடம் சொல்லும் அவசரத்தில் வெளியே போனார்.

ஜெயசித்ரா கம்பியைச் சுடரில் காட்டி ஆறவிட்டாள். ஆர்த்தியின் பாக்டீரியாவை வளர்த்து வைத்திருந்த குழாயிலிருந்து ஒரு துளி தொட்டுப் புதுத் தட்டில் இழுத்தாள். கோடு கோணிப்போயிற்று.

தட்டைக் கவிழ்த்து இன்குபேட்டருக்குள் வைத்தாள். முப்பத்தேழு டிகிரி, மனித உடம்பின் சூடு. நாளைக்கோ மறுநாளோ தட்டு நிறைய முளைத்துவிடும்.

கதவைச் சாத்த மனம் வரவில்லை. உள்ளிருந்து வந்த வெதுவெதுப்பில் கையை நீட்டியபடி நின்றாள்.

போன மாதம் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஆர்த்தியின் ஸ்கூட்டியில் மோதியது. ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி ஜெயசித்ரா தங்கையின் கையைப் பிடித்தபோது, அந்த விரல்கள் மடங்கவில்லை.