கடலில் போகும் லாரி

“அம்மா, கும்பிட்டுக் கேக்கறேன். என் லாரி கடல்லயே இருக்கட்டும். அதை மட்டும் சரி பண்ணாதீங்க.”

பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கும் லாரிக்காரர்கள் போன் போட்டு அவளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். “என் லாரிக்கு எப்பம்மா நீச்சல் கத்துக் குடுத்தீங்க?” என்று ஒருவர். “வண்டி கடல்ல போகுது, மீன் ஏத்திக்கிட்டு வரச் சொல்லவா?” என்று இன்னொருவர். சரி பண்ணாதே என்று கேட்டு வந்த முதல் ஆள், எதிரே நிற்கும் குருபரப்பள்ளி முனிவேல்தான்.

இரண்டாயிரத்து எட்டில், லாரியில் மெஷின் மாட்டி அது எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் காட்டும் அவள் கம்பெனியின் வேலையே ஊருக்குப் புதுசு. அதிலும் இப்படி ஒரு கூத்து.

“உக்காருங்க ஐயா. இது எங்க தப்புதான். லாரி ஒழுங்காத்தான் போகுது, அடியில இருக்கற படம்தான் மாறிப்போச்சு.”

“எப்படிம்மா மாறும்?”

“மேப்பைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, வரிசைக்கு ஒரு நம்பர் போட்டு வெச்சிருப்பாங்க. பத்து வீடு இருக்கற லைன் வீட்டை நினைச்சுக்கங்க. இந்தப் பக்கம் இருந்து எண்ணினா மூணாவது வீடு. அதே வீடு அந்தப் பக்கம் இருந்து எண்ணினா?”

முனிவேல் விரல் விட்டார். “எட்டாவது.”

“அதேதான். நாங்க வடக்கே இருந்து எண்ணறோம். போன வாரம் மாத்தின, மேப் குடுக்கற புதுக் கம்பெனி தெக்கே இருந்து எண்ணுது. நாங்க நம்ம ஊரு வரிசையைக் கேட்டா, அவங்க அதே நம்பர்ல எங்கியோ தெக்கே இருக்கற கடலை எடுத்துக் குடுக்கறாங்க. மொத்த வரிசையில இருந்து கழிச்சு நம்பரைத் திருப்பிப் போட்டா, ஊரு வந்துடும்.”

“அப்ப அது நெஜக் கடலா?” பெரியவர் திரைக்கு அருகே குனிந்தார். “அங்க நெஜமாவே கடல் இருக்குதா?”

“இருக்கு. இந்துமாக்கடல். இலங்கைக்கும் கீழ, ரொம்ப தூரம்.”

திரையில் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதன் நடுவே அவர் லாரியின் சிவப்புப் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றார்.

“யாரு ஓட்டறாங்க?” பிரியா கேட்டாள்.

“பெரிய பையன். பம்பாய் லோடு. இன்னும் ரெண்டு நாள்ல வந்துடுவான். அதுவரைக்கும் விட்டுடும்மா. அவன் வந்தா எடுத்துச் சொல்லிக்குவான்.”

“யாருக்கு எடுத்துச் சொல்லுவாரு?”

அவர் மறுபடியும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரியாவின் சிரிப்பு அடங்கியது. பர்கூர் பக்கத்துக் கிரானைட் பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டுகிற கதை அவளும் கேள்விப்பட்டதுதான். லாரி இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால் யாருக்கு லாபம்?

“என்ன லோடு ஐயா? உண்மையைச் சொல்லுங்க.”

“போறப்ப மாங்கூழ் டின்னு, வர்றப்ப காலி வண்டிம்மா. சத்தியமா வேற ஒண்ணுமில்ல.”

“அப்புறம் எதுக்கு மறைக்கணும்?”

“சொன்னா பைத்தியக்காரத்தனமா இருக்கும்மா.” “இந்த ஒரு வாரமாத்தான் என் வீட்ல ஒரு வாய் சோறு எறங்குது. அதைக் கெடுத்துடாத.”

உள்ளேயிருந்து மேனேஜர் சிவராஜ் குரல் கொடுத்தார். “பிரியா, இன்னுமா முடியல? இன்னிக்குச் சரியாகலைன்னா எல்லாரும் மெஷினைக் கழட்டி மூஞ்சியில அடிப்பாங்க!”

ஒரு லாரியை மட்டும் கடலில் விட்டுவைக்க அவளால் முடியும். பெரிய வேலையில்லை. ஆனால் நாளைக்குப் போலீஸ் வந்து நின்றால் மாட்டுவது அவள்தான். ஒரு வாரத்தில் வீட்டில் சோறு இறங்குகிற அளவுக்கு என்ன சம்பாத்தியமோ என்று எரிச்சலும் வந்தது.

“மன்னிச்சுக்கங்க ஐயா. தப்புக்கெல்லாம் என்னால துணை போக முடியாது.”

பட்டனைத் தட்டினாள். நீலம் மறைந்தது. ஊர்களும் ரோடுகளும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சிவப்புப் புள்ளி பம்பாயைத் தாண்டி, பெங்களூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தது.

முனிவேல் அப்படியே நாற்காலியில் சரிந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். திருட்டு லோடுக்காக யாராவது இப்படி அழுவார்களா?

அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுப்பதா வேண்டாமா என்று அதையே பார்த்துவிட்டு, கடைசியில் எடுத்தார்.

“சொல்லு, சரோஜா.”

அந்தப் பழைய போனில் அவர் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “ஏங்க! நம்ம லாரி ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். லாரி கடலை விட்டுக் கரையேறிடுச்சுங்க!”

“சரோஜா... நான் வந்து சொல்றேன்...”

“கப்பல் முழுகிடுச்சு, நம்ம சின்னவன் உடம்புகூடக் கெடைக்காதுன்னு எல்லாரும் கைய விரிச்சாங்களே! பெரியவன் பாருங்க, ஒரு வாரமாக் கடல் பூரா சுத்தித் தேடி, தம்பியைக் கண்டுபுடிச்சிட்டான். ரெண்டு பேரும் பசியோட வருவாங்க, நான் போயி உலை வெக்கறேன்.”