மூடாத குழாய்

"அண்ணா, அந்த மேடம் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் போயிடுச்சு!"

தமிழரசி மூச்சிரைக்க வந்து நின்றாள். கிறிஸ்டோபர் தலையில் கை வைத்துக்கொண்டார். காலையிலிருந்து இது மூன்றாவது குழாய்.

மராத்தி பேசுகிற ஊரில், போபோடி பேட்டையின் ஒரு சந்துக்குள் அவருடைய பட்டறை. ஸ்கூட்டர் பாகங்களைக் கழுவி, பெயின்ட் அடித்து, ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புகிற வேலை. தமிழரசியோடு சேர்த்துப் பதினான்கு பேருக்கு அங்கேதான் சோறு.

அந்தக் கம்பெனிக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் திடீரென்று பூமித்தாயின் மேல் பாசம் பொங்கியது. பொங்கிய பாசம் இந்த வருடம் போபோடி வரைக்கும் வழிந்துவிட்டது. சரக்கு தருகிற பட்டறையெல்லாம் சுற்றுச்சூழல் பரீட்சையில் தேற வேண்டும். தேறாதவனுக்கு ஆர்டர் கிடையாது.

பரீட்சை வைக்க வந்தவள்தான் சுப்ரஜா. கோயம்புத்தூர்ப் பெண். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் எண்பது பக்கக் கேள்வித்தாள். 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சடித்திருந்தது.

தமிழ் பேசுகிற பெண் என்றதும் கிறிஸ்டோபருக்குப் பாதி பயம் போய்விட்டது. காலையில் பெருமையாகத்தான் சுற்றிக் காட்டினார்.

"கழுவுற தண்ணி எங்கீங்க போகுது?"

"பின்னாடி குழியில விழும் மேடம். மணலு, கரியெல்லாம் போட்டு நானே கட்டினது. அங்க வடிஞ்சு, மோட்டார்ல மறுபடி மேல டாங்கிக்கே ஏறிடும். ஒரு சொட்டு வெளிய போவாது."

"மீட்டர் எங்க இருக்குதுங்க?"

"டாங்கிலேர்ந்து இறங்குற பைப்புல. அஞ்சு வருஷமா குறைச்சுக் குறைச்சு, ஒரு நாளைக்கு மூவாயிரம் லிட்டர்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். இனிமே குறைக்க ஒண்ணுமே பாக்கி இல்ல. அவ்வளவுதான்!"

சபாஷ் என்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வாடிப்போனது. கேள்வித்தாளின் அறுபதாம் பக்கத்தைத் திருப்பி இரண்டு தரம் படித்தாள்.

"இப்ப மீட்டரைக் குறிச்சுக்கறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி குறிப்பேன். நடுவுல நான் தனியாச் சுத்திப் பாக்கறேனுங்க."

அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. கை கழுவப் போனாள், குழாயை மூடவில்லை. தமிழரசி ஓடிப்போய் மூடினாள். பத்து நிமிடத்தில் அதுவும் திறந்திருந்தது, பக்கத்துக் குழாயும் திறந்திருந்தது. இப்போது மூன்றாவது.

"கடக்வாஸ்லா டேம்ல தண்ணி இல்லன்னு நம்ம சந்துல வாரத்துல ஒரு நாள் நிறுத்திடறாங்க. இந்த ஊர்ல இந்தம்மா குடியிருக்கிறது கோந்த்வாவாம். அங்க டேங்கர் வந்தாத்தான் குளியலே! தெரிய வேணாம்? ஊருக்குத்தான் உபதேசம் போல."

"சத்தம் போடாத, தமிழு. மார்க்கு அவங்க கையில இருக்கு."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் வயிறு எரிந்தது. நேரே போனார்.

"மேடம், குழாய் திறந்திருக்கு."

"தெரியுங்க."

"மூடிடட்டா?"

"வேண்டாங்க. தண்ணி வர்ற வேகத்தைப் பாக்கணும். அஞ்சு மணி வரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

என்ன செய்வது? பெண் கொடுத்த இடமும் ஆர்டர் கொடுத்த இடமும் எதிர்த்துப் பேசுகிற இடமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் குழி மோட்டார் ஓய்வில்லாமல் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்கு மீட்டரைப் பார்த்துக் குறித்தாள். அறிக்கையை நீட்டினாள்.

'தண்ணீர் உபயோகம்: நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர். மிக மோசம்.'

கிறிஸ்டோபர் அறிக்கையை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"ஏழாயிரம் நீங்க திறந்துவிட்டது மேடம்! நீங்களே திறந்துவிட்டுட்டு எங்களை பெயில் போடுறீங்களே, இது நியாயமா? பதினாலு குடும்பம் மேடம்!"

சுப்ரஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் வருஷம் யாருக்கும் பெயில் கிடையாதுங்க. இன்னைக்கு அளந்ததுதான் கணக்கு. இதுலேர்ந்து அடுத்த வருஷம் பத்து சதவீதம் குறைச்சுக் காட்டணும். அதிகமாக் குறைக்கறவங்களுக்குப் பரிசு. குறைச்சுக் காட்டாட்டி ஆர்டர் கட். அறுபதாம் பக்கத்துல போட்டிருக்குது."

கேள்வித்தாளைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"போசரியில கோவிந்தராஜ்னு ஒரு பட்டறைக்காரர். உங்களை மாதிரியே சொட்டுத் தண்ணி வீணாக்காதவர். போன வருஷம் நான்தான் போய் நேர்மையா அளந்து எழுதிட்டு வந்தேன். இந்த வருஷம் குறைக்க அவருகிட்ட ஒண்ணுமே இல்லை. போன வாரம் ஆர்டரை நிறுத்திட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலீங்க."

"அப்ப பரிசு வாங்கினது யாரு?"

"மூணு வருஷமா ஒழுகிட்டிருந்த குழாயை மூடினவங்க."

அவளே போய் மூன்று குழாய்களையும் ஒவ்வொன்றாக இறுக்கி மூடினாள். துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி எங்கயும் போகலீங்கண்ணா, உங்க டாங்கியிலதான் இருக்குது. அடுத்த வருஷம் நான் வர்றன்னிக்கு குழாயை மூடி மட்டும் வெச்சிருங்க. பரிசு உங்களுக்குத்தான்!"